எல்லைக்கோடும் கட்டியக்காரன் வசனமும்

தெருக்கூத்தைப் பற்றி 1970களிலிருந்து நம் சிறுபத்திரிகைகளில் எழுதப்பட்டு வந்திருப்பவை எல்லாவற்றிலும் ஒரு அனுமானம் கேள்விக்குட்படாமலேயே நிற்கிறது. கூத்து என்பது தமிழ் நாடக மரபின் எஞ்சிய வடிவம், அதை மீட்டெடுப்பது தமிழ்ப் பிரக்ஞையின் ஒரு பகுதியை மீட்டெடுப்பது என்பதுதான் அது. ந. முத்துசாமி புரிசை கண்ணப்ப தம்பிரானின் கூத்தைப் பார்த்து எழுதியதும், 1977இல் கூத்துப்பட்டறை தோன்றியதும் நம் தலைமுறைக்குச் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அவை இல்லாவிட்டால் நம்மில் பலர் கூத்தைக் கிராமத்து வேடிக்கை என்று ஒதுக்கியே போயிருப்போம். ஆனால் மேற்படி அனுமானம் பாலாற்றுக்கு வடக்கே போகப் போக நொண்ட ஆரம்பிக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு தாண்டினால் அது நடக்கவே முடிவதில்லை.

நான் அந்தப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. எழுதப் படிக்கக் கற்றது தமிழ். தெலுங்கு எழுத்து இன்றுவரை எனக்கு வராது. அவ்வாவின் மடியில் உட்கார்ந்து பார்த்த பாரதக் கூத்துகளில் ஒரு இரவு நினைவில் நிற்கிறது. துரியோதனன் சபை. தூரத்தில் வரும் ஒருவனைக் கைகாட்டி ராஜா தெலுங்கில் கேட்கிறான்: "வாடு எவரு?" அவன் யார் என்பது கேள்வி. கட்டியக்காரன் தமிழில் பதில் சொல்கிறான்: "வாடறதுக்கு அவன் என்ன பூவா, ராஜா?" கூட்டம் முழுவதும் சிரித்தது. பெரிய ஹாஸ்யம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு உண்டாவதற்கு ஒரே காதில் இரண்டு மொழியும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தெரிந்தவனுக்கு அது வெறும் பதில், அல்லது வெறும் உளறல்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரில், அதே கட்டத்தை மறுபடி பார்த்தேன். ராஜா தமிழில் கேட்டான். கட்டியக்காரன் வேறொரு ஹாஸ்யம் சொன்னான், சினிமாவிலிருந்து எடுத்தது. இடைவேளையில் ஒப்பனைக் கொட்டகைக்குப் போய் விசாரித்தேன். "இப்ப யாருக்குப் புரியும் சார்? கிழவிங்க ரெண்டு பேரு சிரிப்பாங்கோ. பசங்க செல்லு பாத்துகினு இருக்கும்" என்றார் வேஷம் கட்டியவர். பாட்டுகள் மாறியிருக்கின்றனவா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பாட்டு எப்படி மாறும்?

அவருடைய இந்த எதிர்க்கேள்விதான் இக்கட்டுரைக்கு முகாந்திரம். பாட்டு மாறவில்லை, தாளம் மாறவில்லை, அடவு மாறவில்லை. வசனம் மட்டும் ஏன் மாறியது?

முதலில் கோட்டின் சரித்திரத்தைச் சுருக்கமாகவாவது சொல்லிவிட வேண்டும். பழைய வடஆற்காடு ஜில்லாவின் தலைமையிடம் சித்தூர். 1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிக்கப்பட்டபோது வடஆற்காட்டின் தலைமையிடம் வேலூருக்கு வந்தது. அது நிர்வாக வசதிக்கான பிரிவு. மக்கள் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டும் சென்னை மாகாணத்துக்குள்ளேயேதான் இருந்தன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவானதும் நிலைமை வேறாயிற்று. ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டம், எதிர்ப்பக்கத்து வாதங்கள், பேச்சுவார்த்தைகள் எல்லாம் கடந்து, பட்டாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1959இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தாலுக்காவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு, சேலம் ஜில்லாக்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது எந்த ஊர் எந்தப் பக்கம் போயிற்று என்பதைவிட, எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பது. கிராமம் ஒரு அலகு. அதில் பாதிக்கு மேற்பட்டவர்களின் தாய்மொழி எதுவோ அது அந்தக் கிராமத்தின் மொழி. அண்டை நிலத்தோடு தொடர்ச்சியும் இருக்க வேண்டும். இதைவிட நியாயமான அளவுகோலை நானும் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் அந்த அளவுகோலில் என் அவ்வா ஒரு மொழிக்காரி. கட்டியக்காரனும் ஒரு மொழிக்காரன்தான். இரண்டு மொழியில் சிரிக்கத் தெரிந்த கிராமம் என்று ஒன்று ஜனத்தொகைக் கணக்கில் கிடையாது. கிரியர்சனின் இந்திய மொழியாய்வு சென்னை மாகாணத்தைத் தொடாமலேயே முடிந்துபோனதால், இந்த எல்லைப் பேச்சுகள் கோடு விழுவதற்கு முன் எப்படி இருந்தன என்பதற்கு அந்தப் பெரிய தொகுதிகளிலும் வரைபடமில்லை.

கோடு விழுந்த அதே 1960 ஏப்ரலில், 27ஆம் தேதி, மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ சுதந்திரம் பெற்றது. எங்கேயோ இருக்கும் டோகோவை இங்கே கொண்டுவருவது தேதிப் பொருத்தத்துக்காக அல்ல. இசையும் பேச்சும் ஒரு எல்லைக்கோட்டின் இருபுறமும் என்ன ஆகின்றன என்பதை நம்மைவிடக் கூர்மையாகக் காட்டும் ஒரு ஜனக்கூட்டம் அங்கே இருக்கிறது. எவே மக்கள். கானாவின் தென்கிழக்கிலும் டோகோவின் தெற்கிலும் வாழ்பவர்கள். ஜெர்மானிய டோகோலாந்தை 1914இல் பிரிட்டிஷாரும் பிரெஞ்சுக்காரரும் கைப்பற்றிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1956 மே 9 அன்று பிரிட்டிஷ் பகுதியில் ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் வாக்கெடுப்பு நடந்தது. தெற்கே எவே மக்கள் மிகுந்த ஹோ, க்பாண்டோ பகுதிகளில் பெரும்பான்மை வாக்குகள் இணைப்புக்கு எதிராகவே விழுந்தன. மொத்த எண்ணிக்கை இணைப்புக்குச் சாதகமாக இருந்ததால் அப்பகுதி கோல்டு கோஸ்ட்டோடு சேர்ந்து, 1957இல் கானாவின் பகுதியாயிற்று. இங்கே கிராமம் கிராமமாக எண்ணினார்கள், அங்கே மொத்தமாக எண்ணினார்கள். இரண்டு கணக்கிலும் எல்லையோரத்துக்காரனுக்குக் கிடைத்தது ஒரு கோடுதான்.

எவே மக்களின் இசையிலும் ஒரு பிரிவு உண்டு. ஆனால் அது நாட்டெல்லையில் இல்லை. கடற்கரையோரத்து அன்லோ மக்களின் பாட்டு ஐந்து ஸ்வரத்தில் நிற்பது. உள்நாட்டு எவேயினரின் பாட்டு ஏழு ஸ்வரத்தில், பக்கத்து அகான் மக்களின் சாயலோடு, இணைக்குரல் சேர்த்துப் பாடப்படுவது. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே கிழக்கு மேற்காகப் போகிறது இசையின் கோடு. கானாவுக்கும் டோகோவுக்கும் நடுவே வடக்கு தெற்காகப் போகிறது ராஜாங்கத்தின் கோடு. ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு போகின்றனவே தவிர, ஒன்றன்மேல் ஒன்று படிவதில்லை.

நம் பக்கமும் இதேதான். கூத்துக்காரர்களின் சொந்த பூகோளத்தில் இருப்பவை வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்ற இரண்டு. இரண்டுமே தமிழ்நாட்டுக்குள் இருக்கின்றன. ஆற்காடு, ஆரணி, செய்யாறு வட்டாரத்தவர் ஒரு மாதிரி; விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தவர் வேறு மாதிரி. தமிழ்-தெலுங்கு என்ற கோடு அவர்கள் வரைபடத்தில் பாணிக்கோடாக விழவில்லை. எல்லைக்கு அப்பால் இதே வடிவத்தின் பெயர் வீதி நாடகம். தெருவுக்கு வீதி, கூத்துக்கு நாடகம், அவ்வளவுதான் வித்தியாசம். சித்தூர்ப் பக்கத்துத் திரௌபதி கோயில்களிலும் பாரதம் நடக்கிறது. அங்கேயும் அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுகிறான். அங்கேயும் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் கிடக்கிறான். அங்கேயும் கடைசியில் தீமிதி. பிரசங்கியாரின் கையில் இருக்கும் புத்தகம் மட்டும் வேறு. இங்கே வில்லிபுத்தூரார் அல்லது நல்லாப்பிள்ளை. அங்கே நன்னயரும் திக்கனரும் எர்ரனரும். கூத்துப் பிரதியின் உறுப்புகளைப் பார்த்தாலும் இந்தக் கலப்பு தெரியும். நம் கூத்தில் தரு என்கிறோம், தெலுங்கு யட்சகானத்தில் தருவு. நம் கூத்துப் புத்தகங்களில் கந்தார்த்தம் என்று ஒரு பாட்டு வகை வரும். கந்தம் என்பது தெலுங்குப் பத்தியத்தின் ஒரு யாப்பு. அதில் பாதி என்பதுதான் கந்தார்த்தம். கந்தம் எந்த மொழியின் யாப்பு என்று எந்த நடிகரும் கேட்பதில்லை. பாடுகிறார்கள்.

இந்த இடத்தில் எவே இசை நமக்கு ஒரு முக்கியமான வேறுபாட்டையும் காட்டுகிறது. எவே ஸ்தாயி மொழி. ஒரே சொல் குரலின் உயர்வு தாழ்வால் வேறு பொருள் கொள்ளும். எனவே அவர்களுடைய தலைமை முரசான அட்சிமெவுவின் அடிகள் வாக்கியங்களாகவே கேட்கும். முரசின் பேச்சுக்கு அவர்களிடம் தனிப் பெயரே உண்டு. கோஃபி அகாவு என்ற எவே இசை அறிஞர் 1995இல் வெளியிட்ட நூலில் முரசிலிருந்து தொடங்காமல் பேச்சு மொழியிலிருந்து தொடங்கிப் பாட்டுக்கும் அதன்பின் முரசுக்கும் போவது இதனால்தான். அங்கே வட்டார வழக்கு முரசுக்குள்ளேயே நுழைந்துவிடும். நம் மத்தளம் அப்படியல்ல. அது பேசுவது சொற்கட்டு. தகதிமி என்பது தமிழுமல்ல, தெலுங்குமல்ல. அதனால்தான் மத்தளமும் அடவும் சுலபமாக எல்லை தாண்டின. தாண்ட முடியாமல் போனது வசனம். கூத்தில் எழுதி வைக்கப்படாததும், ஒவ்வொரு இரவும் எதிரில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து உண்டாக்கப்படுவதுமான பகுதி வசனம்தான். அதிலும் கட்டியக்காரனுடைய வசனம் முழுக்க முழுக்க அப்படி. கேட்பவனின் காது மாறினால் முதலில் மாறுவதும் அதுதான்.

காது எப்படி மாறிற்று? எல்லைக்கோடு தமிழையும் தெலுங்கையும் பிரித்தது என்று சொல்வது தவறு. அவை எப்போதும் இரண்டு மொழிகள். ஒன்றோடொன்று முகம் பார்த்துப் பழகியிருந்த இரண்டு வட்டாரப் பேச்சுகளைக் கோடு முதுகு காட்ட வைத்தது. ஒவ்வொன்றையும் அதனதன் தலைநகரத்தை நோக்கித் திருப்பி நிறுத்தியது. வேலூர்ப் பக்கத்துப் பேச்சில் வந்துகினு, போய்கினு என்பதும், அப்பாவை நைனா என்பதும் சாதாரணம். சினிமாவில் இவை சிரிப்பு மூட்டுவதற்கென்று வைத்திருக்கும் பேச்சு. அந்தப் பக்கம் சித்தூர்க்காரர் 'இருக்கிறது' என்பதற்கு உண்டாதி என்கிறார். கிருஷ்ணா, கோதாவரிப் பக்கத்திலிருந்து வந்த பாடப்புத்தகத் தெலுங்கில் அது உந்தி. அவருடைய பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் திருத்தப்படுகிறான். எவேயிலும் இது நடந்திருக்கிறது. 1847இல் வந்த பிரேமன் மிஷனரிகள் கடற்கரையின் அன்லோ வழக்கை எழுத்து மொழியாக்கினார்கள். உள்நாட்டுப் பிள்ளை தன் மொழியைப் படிக்கிறேன் என்று வேறொருவர் வழக்கைப் படித்தான். பிரெஞ்சுப் பக்கத்துப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. 1975க்குப் பிறகே டோகோவின் கல்வித் திட்டத்தில் எவேக்கு இடம் கிடைத்தது. எல்லையின் இருபுறமும் இருந்தவர்கள் ஒருவரையொருவர் இழந்தது ஒருபுறமிருக்க, தங்கள் பேச்சே குறையுள்ள பேச்சு என்று இருவருமே கற்றுக்கொண்டார்கள்.

இங்கே மூன்றாவதாக ஒரு பேச்சும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேரணாம்பட்டு என்று தோல் ஷாப்புகள் வரிசையாக நிற்கும் ஊர்களின் உருது. பதினெட்டாம் நூற்றாண்டில் தக்கனியில் எழுதிய பாகர் ஆகா வேலூரில் பிறந்தவர். இந்த மொழிக்கு எல்லைக் கமிஷனும் இல்லை, போராட்டமும் இல்லை. கேட்பதற்கு நிலமில்லாத மொழி. ஆனால் தோல் பேரத்தில் மூன்று மொழியும் புழங்கும், இன்றும்.

தோலைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வட்டாரம் உலகத்துக்கே பதனிட்ட தோல் அனுப்புகிறது. பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் பிற்பாடு குரோமியத்திலும் போட்டுப் பதனிடுகிறார்கள். அதன் கழிவால் பாலாறு பட்ட பாடு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போயிற்று. ஆனால் பதனிட்ட தோல் மத்தளத்துக்கோ பறைக்கோ உதவாது. அது மிருதுவாகிவிடும், அழுகாது, செருப்பாகும், பையாகும்; அடித்தால் நாதம் வராது. பறைக்கு வேண்டியது பதனிடாத கன்றுத்தோல். மரவளையத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்ற வேண்டும். தோலுக்குப் பேர்போன ஊர்களில், ஷாப்புக்குள் போகாத தோல்தான் ஒலிக்கிறது.

இதை நான் மொழிக்கு உவமையாகச் சொல்கிறேன் என்பது புரிந்திருக்கும். ஆனால் உவமையில் சுகம் காண்பதற்கு முன் ஒரு உண்மையை எதிர்கொள்ள வேண்டும். பச்சைத் தோலைத் தொட்டவர்களும் பறையைத் தொட்டவர்களும் ஒரே ஜாதியார். அந்தத் தொழிலும் அந்த முரசும் அவர்கள்மேல் சுமத்தப்பட்டவை. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்தது சுயமரியாதைக்கான போராட்டம். அது கலையின் அழிவு என்று வெளியிலிருந்து வருத்தப்பட நமக்கு உரிமையில்லை. நாதத்தின் அழகைப் பேசுகிறவன் அதை அடிக்க மறுத்த கையையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆகவே நாம் செய்தது என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். 1940களில் தமிழிசை இயக்கம் சென்னை சபாக்களில் தெலுங்குக் கீர்த்தனைகளின் ஆதிக்கத்தைக் கேள்வி கேட்டது. அந்த மேடைகளைப் பொறுத்தவரை கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தத் தர்க்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு கூத்துக்கு வந்தோம். கூத்தில் தமிழைத் தேடினோம், கிடைத்தது, எடுத்துக்கொண்டோம். இரண்டு மொழிச் சிரிப்பு நம் கண்ணில் பட்டபோது அதைக் கலப்படம் என்றோ பிற்காலச் சேர்க்கை என்றோ ஒதுக்கினோம். அந்தப் பக்கத்து அறிஞர்கள் வீதி நாடகத்தில் தெலுங்கைத் தேடியபோது அவர்களும் இதையே செய்தார்கள். ராஜாங்கம் கிராமத்தை எண்ணியது போலத்தான் நாமும் கூத்தை எண்ணியிருக்கிறோம். பாதிக்கு மேல் தமிழ் இருந்தால் தமிழ். கூத்தை மீட்டோம் என்று நினைத்துக்கொண்டு பதனிட்டிருக்கிறோம்.

எழுத்தில் வேறு வழி இல்லையா? இருக்கிறது. கோஃபி அவூனோர், 2013இல் நைரோபியில் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்ட கானா நாட்டுக் கவி, அன்லோ ஒப்பாரிகளிலிருந்து, குறிப்பாக அக்பாலு என்ற பாடகரின் மரபிலிருந்து, தன் ஆங்கிலக் கவிதையை உண்டாக்கிக்கொண்டார். ஒப்பாரியைச் சுத்தம் செய்து காட்சிக்கு வைக்கவில்லை. அதன் மூச்சை வேறு மொழிக்குள் கொண்டுபோனார். நாமினி சுப்பிரமணியம் நாயுடு சித்தூர்ப் பேச்சை அச்சில் ஏற்றியபோது தெலுங்கு உரைநடைக்குள் ஒரு வட்டாரமே வந்து உட்கார்ந்தது. பேரணாம்பட்டிலிருந்து வந்த அழகிய பெரியவனின் உரைநடையில் இந்தப் பக்கத்து மனிதர்கள் தங்கள் குரலில் பேசுகிறார்கள். கோட்டின் இருபுறமும் தனித்தனியே இவ்வளவு நடந்திருக்கிறது. கோட்டின்மேல் நின்று இரண்டு மொழியிலும் பேசுகிறவன் மட்டும் இன்னும் அச்சுக்கு வரவில்லை.

என் யோசனை மிகவும் சாதாரணமானது. கூத்தைப் பதிவு செய்யப் போகிறவர்கள் பாட்டையும் ஆட்டத்தையும் பதிவு செய்கிறார்கள். ஹாஸ்யம் வரும்போது கருவியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள். நானே அப்படிப் போயிருக்கிறேன். இனிமேல் தலைகீழாகச் செய்வோம். பாட்டு எங்கேயும் போகாது. இரண்டு தலைமுறையாக அதை யாராலும் மாற்ற முடியவில்லை. வசனத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதுவும் வடக்கே, இரண்டு மொழியும் இன்னும் காதில் உள்ள கிழவர்களும் கிழவிகளும் முன்வரிசையில் இருக்கும்போதே. எந்த எழுத்தில் எழுதுவது என்ற சண்டை வேண்டாம். தெலுங்கு வாக்கியத்தைத் தமிழ் எழுத்திலேயே எழுதலாம். தியாகையரின் கீர்த்தனைகளை நூறு வருஷத்துக்கு மேலாக அப்படித்தான் அச்சிட்டு வருகிறோம். இலக்கணப் பிழை திருத்தாமல், அடிக்குறிப்பில் மன்னிப்புக் கேட்காமல், வாடு என்பதை வாடு என்றே எழுத வேண்டும்.

என் அவ்வா இன்று இல்லை. அந்த ஹாஸ்யத்தை என் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். வாடு என்றால் தெலுங்கில் 'அவன்' என்று முதலில் விளக்க வேண்டியிருந்தது. விளக்கிய பிறகு மரியாதைக்குச் சிரித்தார்கள்.